எண்ணூறை யார் சொன்னது?

2025 ஜனவரி 21, செவ்வாய்

காலை பத்தரைக்கு வீடு வந்தேன். எயார்போர்ட்டிலிருந்து ஏழு பேர், பதினெட்டுப் பெட்டி. கடைசிப் பெட்டியைக் காத்தான்குடியில் இறக்கிவிட்டுக் குருக்கள்மடம் வந்து சேரும்போது கண்ணுக்குள் மண் போட்டது போல இருந்தது.

எயார்போர்ட் வாசலில் புதுப் பலகை ஒன்று. வெளிமாவட்ட வேன் உள்ளே வர ஆயிரத்து இருநூறு ரூபாய். இருபது நிமிடம்தான் நிற்கலாம். போன மாதம்வரை முந்நூறு. வாகனத் தரிப்பிடத்தை இந்த வருடம் 'பிளூ கேட்' என்றொரு கம்பனி குத்தகைக்கு எடுத்திருக்கிறதாம். பிளைட் பிந்தினால் இரண்டு மைல் தள்ளியிருக்கும் வெட்டைவெளிக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். அங்கே நிழல் இல்லை, கக்கூஸ் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. நேற்று பிளைட் நான்கு மணித்தியாலம் பிந்தியது. இரண்டு தரம் உள்ளே போனேன். இரண்டு தரமும் ஆயிரத்து இருநூறு.

வெட்டையில் வவுணதீவு வேன்காரப் பொடியன் டிலக்சனைக் கண்டேன். கதவைத் திறந்து வைத்துக் காலை வெளியே நீட்டி, கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு படுத்திருந்தான். "நித்திரையா?" என்று கேட்டேன். "நுளம்புக்குச் சாப்பாடு போடுறன் அண்ண" என்றான்.

ஏழெட்டு மணித்தியால ஓட்டம். அதற்கு முன் இப்படி ஒரு படுக்கை.

ஜனவரி 26, ஞாயிறு

எங்கள் வேன் சங்கத்தின் தலைவர் நௌஷாட் காக்காவின் வீட்டில் கூட்டம். காத்தான்குடியில் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்; பழகிப்போய் நானும் அப்படியே. மூன்றே பேர். அவர், பொருளாளர் பஸ்லான், செயலாளர் நான். வாழைச்சேனையிலிருந்து களுவாஞ்சிக்குடிவரை நாற்பத்தாறு வேன் எங்கள் சங்கத்தில். எழுத்து வடிவாக இருக்கிறது என்று என்னைச் செயலாளராக்கினார்கள். வேறு தகுதி எனக்கில்லை.

கம்பனியிடம் ஐந்நூறு கேட்பது. பேரம் பேசி எண்ணூறுவரை இறங்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. எண்ணூறு என்ற கதை இந்த மூன்று பேரைத் தாண்டக் கூடாது என்றார் காக்கா.

"பொஞ்சாதிமாருக்கும் சொல்லப்படாது."

சுதர்சனாவுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிரதேச சபையில் எழுதுவினைஞர் வேலை பார்க்கிறவளுக்கு எங்கள் கூட்டமெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு.

பெப்ரவரி 3, திங்கள்

காக்காவும் நானும் கம்பனி மனேஜரைச் சந்தித்தோம்; பஸ்லான் ஓட்டத்தில். பிரசன்ன என்று பெயர். வெள்ளைச் சேட்டு, மெல்லிய குரல். காக்கா சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். எனக்கு வேன் ஓட்டும் அளவுக்குத்தான் தெரியும்: இடது, வலது, சாப்பாடு, பொலிஸ், காசு.

காக்கா ஐந்நூறு கேட்டார். மனேஜர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அட்டசீய" என்றார்.

எண்ணூறு. அந்தச் சொல் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆயிரம் இல்லை, தொள்ளாயிரம் இல்லை. நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய அதே எண்ணூறு! காக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள், நெடுநேரம். ஒரு இடத்தில் மனேஜர் சிரித்தார். என்ன கதைத்தீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன்.

"ஒண்டுமில்ல தம்பி. யோசிச்சுச் சொல்றன் எண்டான்."

பத்து நிமிடம் கதைத்ததற்கு இவ்வளவுதான் மொழிபெயர்ப்பா?

பெப்ரவரி 5, புதன்

மனேஜர் சொன்னதைக் காக்காவிடம் கேட்டறிந்துவிட்டு, பஸ்லான் தானாகவே போன் எடுத்தான். "மச்சான், எண்ணூற ஆர் சொன்னது?" அவன் வாயிலிருந்தே வந்தது. நான் தொடங்கவில்லை.

ஆனால் ஏன் அவன் முந்திக்கொண்டான்? முந்திக் கேட்கிறவனை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்றா?

பெப்ரவரி 8, சனி

யோசித்துப் பார்த்தேன். காக்காவின் வேன் போன கிழமை உள்ளே நாற்பது நிமிடம் நின்றது, ஒருவரும் விரட்டவில்லை. அவருக்கு போன் வந்தால் எழும்பிப் போய்த்தான் கதைக்கிறார். வாசலில் டிக்கட் கிழிப்பவன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

சுதர்சனா சொல்கிறாள், "நீங்க ஒரு ஆளச் சந்தேகப்பட்டா அவர் தும்மினாலும் கணக்கு வைப்பீங்க." இருக்கட்டும். கணக்கு வைக்காதவன்தான் ஏமாறுவான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

கண்டேன். என் கண்ணால் கண்டேன்.

எயார்போர்ட் ரோட்டிலுள்ள தேத்தண்ணிக் கடை. பின் மேசையில் காக்காவும் மனேஜரும். வேறு ஒருவரும் இல்லை. மேசையில் ஒரு தாள், காக்கா பேனையால் அதில் ஏதோ கீறிக் காட்டுகிறார். மனேஜர் தலையாட்டுகிறார். ரோட்டின் மறுபக்கத்தில் நின்று போனில் மூன்று படம் எடுத்தேன். முதல் படம் தெளிவில்லை, மற்ற இரண்டும் நல்ல தெளிவு.

உள்ளே போய், "காக்கா, என்ன இது?" என்று கேட்டிருக்கலாம்தான். கேட்டால் பொய் சொல்லியிருப்பார். எதற்குக் கேட்பது?

பெப்ரவரி 16, ஞாயிறு

ஆரையம்பதியில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். எண்ணூறின் கதையை முதலில் சொன்னேன். பிறகு படத்தைக் காட்டினேன். என் போன் கைமாறிக் கைமாறிப் பின்வரிசைவரை போனது.

காக்கா எழும்பி நின்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபப்படவில்லை.

"ஓம், சந்திச்சன். படுக்க இடம் கேட்டன். கக்கூஸும் குளிக்கிற இடமும் கேட்டன். எழுத்தில தாறன் எண்டிரிக்கான், வந்தாப் பிறகு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

"சங்கத்துக்குத் தெரியாமலா?" என்று பஸ்லான் கேட்டான்.

"தெரிஞ்சா காசக் குறைக்கச் சொல்லித்தானே நிப்பீங்க."

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உங்கட ஆக்களுக்கு மட்டும் எண்டு தனியப் பேசினீங்களோ?"

முஸ்லிம் ஆட்களுக்கு மட்டும் என்று அர்த்தம். அந்தக் கேள்வி தமிழ்ப் பொடியன்களின் பக்கத்திலிருந்து வந்தது. செயலாளர் நான், என் பக்கத்து ஆள் கேட்டது. வாயை மூடச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

டிலக்சன் மட்டும் எழும்பினான். "காக்கா சொல்றத முழுசாக் கேளுங்களன் முதல்." ஒருவரும் கேட்கவில்லை.

காக்கா சங்கத்துப் பைலை என் முன்னால் வைத்தார். "நீயே பேசு தம்பி. நல்லாப் பேசு." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெப்ரவரி 17, திங்கள்

பிழையானவன் அப்படி அமைதியாகப் போவானா? போவான். நடிக்கத் தெரிந்தவன் போவான்.

மார்ச் 6, வியாழன்

வென்றோம்.

நோன்பு தொடங்கிவிட்டது. பஸ்லான் நோன்போடு ஏறாவூரிலிருந்து என்னோடு வந்தான், சிங்களம் பேச. நான் எழுதிக் கொடுத்ததை அவன் பேசினான். வேன் எல்லாம் ஒருநாள் உள்ளே வராமல் நின்றால் அரபு நாட்டிலிருந்து பெருநாளுக்கு வருகிற சனத்தை யார் ஏற்றுவார் என்று கேட்கச் சொன்னேன். மனேஜருக்கு அது சுட்டது. ஒன்றரை மணித்தியாலத்தில் எண்ணூறு அறுநூறாகியது. அறுநூறு! காக்காவால் முடியாதது.

பஸ்லான் தொழப் போன நேரத்தில் மனேஜர் என்னிடம் ஏதோ சொன்னார். 'ஹோல்' என்ற சொல் கேட்டது, 'நே' என்ற சொல் கேட்டது. இல்லை என்று அர்த்தம். என்ன ஹோல்? விளங்கவில்லை. விளங்கவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கம். தலையாட்டினேன். மேசை லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துத் தந்தார். "நௌஷாட் மாத்தயாட்ட" என்றார். காக்காவுக்கு உரியது.

பஸ்லான் வருவதற்குள் அதைச் சேட்டுக்குள் வைத்தேன். காக்காவுக்குக் கொடுத்த காசுக்குக் கணக்கு எழுதிய காகிதமாக இருக்கும் என்று நினைத்தேன். கடைசியாக ஆதாரம் கையில்!

மார்ச் 7, வெள்ளி

உறைக்குள் சிங்களம். பிரதேச சபையில் அதைப் பழகிய சுதர்சனா வாசித்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

காசுக் காகிதம் இல்லை. வரைபடம். வெட்டையின் ஓரத்தில் ஒரு மண்டபம்; அறுநூறு என்றால் இல்லை என்று மனேஜர் சொன்ன 'ஹோல்' இதுதான். இருபத்துநான்கு கட்டில், நான்கு மின்விசிறி, இரண்டு கக்கூஸ், குளிக்க ஓர் அறை, வேன் நிறுத்த நிழல். கட்டணம் எண்ணூறு என்றால் மூன்று மாதத்தில் கம்பனி தன் செலவில் கட்டித் தரும் என்று ஒரு கடிதம். பிளைட் பிந்தினால் இரண்டாம் தரம் காசு இல்லை என்றும் ஒரு வரி. திகதி பெப்ரவரி 14. ஆரையம்பதிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி.

வரைபடத்தின் மூலையில் காக்காவின் கையெழுத்தில் தமிழில்: "கதவு மேற்குப் பக்கம் வேண்டாம், பின்னேர வெயில்."

"இதப் போய் எல்லாருக்கும் காட்டுங்க" என்றாள்.

"காட்டினா நான் ஆரு?"

"அவர் ஆரு எண்டு தெரியும். அது போதும்தானே."

"அறுநூறு எண்டு எல்லாரும் சந்தோசமா இரிக்கிற நேரத்தில..."

அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் அதை எடுத்து அலுமாரியில் காப்புறுதிக் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன்.

இன்னும் ஒன்று. இது மனேஜரும் காக்காவும் சேர்ந்து பிறகு தயாரித்ததாகவும் இருக்கலாம் அல்லவா? திகதியை யார் வேண்டுமானாலும் போடலாம்.

எழுதிவிட்டு வாசிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

வெட்டையில் எல்லோரும் கை கொடுக்கிறார்கள். "அறுநூறு நிஷாந்த்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

டிலக்சன்.

வெலிக்கந்தை தாண்டிப் புணானைக்கு முன்னால். காலை ஏழு மணி, நல்ல வெளிச்சம், வெற்று ரோட்டு. வேன் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் அடித்திருக்கிறது. பிரேக் பிடித்த தடம் ஒன்றும் இல்லை என்று பொலிஸ் சொல்கிறது. நித்திரை.

உள்ளே கைறுன்னிஸா என்றொரு பெண், ஓட்டமாவடி. நான்கு வருடத்துக்குப் பிறகு குவைத்திலிருந்து பெருநாளுக்கு வந்தவள். தோள் உடைந்திருக்கிறது. கூட்டிவரப் போன அவளுடைய தங்கைக்குத் தலையில் ஏழு தையல். உயிர்ச்சேதம் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

டிலக்சனின் வலது கால் இயந்திரத்துக்குக் கீழே இருந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுடைய அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா. டிலக்சன் விழித்திருந்தான்.

"பிளைட் அஞ்சு மணித்தியாலம் லேட் அண்ண. அந்த வெட்டையில எங்க படுக்கிற? கண்ணே மூடல்ல. மறுகா வாகனத்தில ஏறினாப் பிறகு தானா மூடுது."

நான் என்ன சொல்லுறது? என்னத்தச் சொல்லுறது? அலுமாரிக்குள்ள இருபத்துநாலு கட்டில வச்சிரிக்கன் எண்டா?

கடிதத்தைக் கிடைத்த அன்றே காட்டியிருந்தாலும் மூன்று மாதம் சென்றுதான் அந்த மண்டபம் வந்திருக்கும். அன்றைக்கு அது அவனுக்கு உதவியிருக்காது. இந்தக் கணக்கை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போட்டேன். சரியான கணக்குத்தான். ஆனாலும் கல்லடிப் பாலத்தடியில் வேனை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

அதே ஆரையம்பதி மண்டபம். டிலக்சனுக்கு உதவிப் பணம் சேர்க்கத்தான் கூட்டம். எல்லாம் முடிந்த பிறகு எழும்பினேன். கடிதத்தை வாசித்தேன், சுதர்சனா தமிழில் எழுதித் தந்திருந்தாள். திகதியை இரண்டு தரம் வாசித்தேன். எப்போது கையில் கிடைத்தது என்பதையும் சொன்னேன்.

"ரெண்டு கிழமையா வச்சிரிந்தியா மச்சான்?" பஸ்லான்தான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். "எனக்கிட்டயும் சொல்லல்ல. நான் தொழப் போன நேரம் பார்த்து வாங்கியிரிக்க."

"ஓம்."

"என்னையும் சந்தேகப்பட்டியோ?"

"ஓம்."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு வேறு பக்கம் பார்த்து இருந்தான். முந்தி அந்தக் கேள்வியைக் கேட்ட பின்வரிசைப் பொடியன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனிடம், "அண்டைக்கு உன்ன நான் நிப்பாட்டியிரிக்கோணும். நிப்பாட்டல்ல" என்றேன். அவன் நிமிரவில்லை.

காக்காவைப் போய்க் கூப்பிடுவது என்று முடிவு. யார் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நோன்பு திறந்த பிறகு போகலாம் என்று நினைத்தேன். பிறகு, சாப்பிட்டுக் கோபம் தணிந்த நேரம் பார்த்து வந்தான் என்று நினைப்பாரோ என்று பின்னேரமே போனேன். என் புத்தி இப்படித்தான்.

காக்கா முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. குழாயையும் நிறுத்தவில்லை.

"டிலக்சனப் பார்த்திட்டு வந்தன்" என்றார். "நீ என்னத்துக்கு வந்த?"

"மாப்புக் கேக்க."

"அந்தக் கடிதம் உனக்கிட்ட இரிக்கி எண்டு எனக்கு முதல்லயே தெரியும். மனேஜர் சொன்னான். நீ காட்டுவ எண்டு பார்த்தன்."

இரண்டு கிழமை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்.

"மனேஜருக்கு எண்ணூறு எப்பிடித் தெரியும் எண்டுதானே கேட்ட? யாழ்ப்பாணத்து வேன்காரரோட குத்தகை தொடங்க முந்தி, டிசம்பர்லயே எண்ணூறுக்கு எழுதிட்டான். எங்களுக்கும் அதத்தான் சொன்னான். எனக்கே பிறகுதான் தெரியும். எனக்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

"ஏன் காக்கா, மண்டபத்தப் பத்தி முதல்லயே எங்களுக்குச் சொல்லியிரிக்கலாமே?"

அப்போதுதான் குழாயை நிறுத்தினார்.

"டிசம்பர்ல ஹபரணைக்கிட்ட நான் நித்திரையாப் போயிட்டன். ஒம்பது பேர் உள்ளுக்க. கண்ண முழிச்சா ரோட்டுக்கு மற்றப் பக்கத்தில நிக்கன், முன்னால லொறி. அல்லாஹ் காப்பாத்தினான். உள்ளுக்க ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாரும் நித்திரை. இருபத்திரெண்டு வருசமா ஓட்டுறன். தலைவர் எண்டு வேற சொல்லிக்கிட்டுத் திரியிறன். இத எப்பிடி எழும்பிச் சொல்லுற?"

அவர் மறுபடியும் குழாயைத் திறந்தார்.

"தலைவராயெல்லாம் வர மாட்டன். மனேஜரோட பேசோணும் எண்டா வாறன். நீ பக்கத்தில இரி. நான் பேசுற ஒவ்வொரு சொல்லையும் உனக்குத் தமிழ்ல சொல்லுவன், அதுக்குப் பிறகுதான் மற்றச் சொல்லுக்குப் போவன்."

இது மன்னிப்பா? தெரியவில்லை. தேத்தண்ணி தரவில்லை, நோன்புக் காலம், யாருக்கும் கிடைக்காது.

மார்ச் 26, புதன்

யாழ்ப்பாணத்து வேன் ஓட்டுநர் ஒருவரின் இலக்கத்தைத் தேடி எடுத்து போன் பண்ணினேன். டிசம்பர் 18, எண்ணூறு. உண்மைதான்.

இவ்வளவு நடந்த பிறகும் சரி பார்த்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கையெழுத்து வைத்தோம். மனேஜர் எங்களை முதலில் அலைக்கழித்தார். அறுநூறுக்கு ஒத்துக்கொண்ட சங்கம் இப்போது வேறு கதை பேசுகிறது, மண்டபத்துக்கு ஒதுக்கிய காசு வேறு வேலைக்குப் போய்விட்டது என்றார். காக்கா ஒரு வசனம் பேசுவார், என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்வார், நான் எழுதுவேன், பிறகு அடுத்த வசனம். மனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்லானுக்குச் சிரிப்பு வந்தது.

டிலக்சனின் படத்தைக் காட்டலாமா என்று கேட்டேன். காக்கா வேண்டாம் என்றார். "அவன வச்சுப் பேரம் பேச ஏலா."

முடிவு: தொள்ளாயிரம். மண்டபம் மூன்று மாதத்தில். பிந்திய பிளைட்டுக்கு இரண்டாம் காசு இல்லை. காக்கா அன்றைக்கு முடித்ததைவிட நூறு ரூபாய் கூட. ஒவ்வொரு தரம் வாசலில் டிக்கட் கிழிக்கும்போதும் அந்த நூறு ரூபாய் நான் கொடுப்பது. மற்ற எல்லோரும் கொடுப்பதும் என்னால்தான். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. இனிச் சொல்லக்கூடும்.

ஒரு கோரிக்கையைக் கம்பனி ஏற்கவில்லை: விபத்துக்கு நட்டஈடு. டிலக்சனுக்கு நாங்கள்தான்.

மே 30, வெள்ளி

சங்கத்துக்கு ஒரு போன் வாங்கினோம். எல்லா வேனின் பயணமும் ஒரே இடத்தில் பதிவு. எந்த பிளைட் எத்தனை மணிக்கு இறங்குகிறது, எது பிந்துகிறது, யார் கடைசியாக எப்போது படுத்தார் என்றெல்லாம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள், மாதச் சம்பளத்துக்கு. டிலக்சன்தான். வவுணதீவில் வீட்டுக்குள் இருந்தே செய்கிறான். முதலில் மறுத்தான், பிச்சை போடுகிறீர்களா என்றான். இப்போது காக்காவையே அதட்டுகிறான்.

ஜூலை 10, வியாழன்

பகல் இரண்டரை மணி. இதை மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். திறந்து மூன்று நாள். சுவரில் சுண்ணாம்பு மணம் போகவில்லை. கட்டில் இருபத்துநான்கு இல்லை, பதினெட்டுத்தான். கேட்டால் மிச்சம் வருகிறது என்கிறார்கள். பார்ப்போம். கதவு கிழக்குப் பக்கம்.

பஸ்லான் மூலையில் குறட்டை விடுகிறான். என்னோடு இன்னும் முன்போல இல்லை. சாப்பாட்டுப் பார்சலை மட்டும் பாதி நீட்டினான்.

டோஹா பிளைட்டுக்கு மூன்றரைக்கு உள்ளே போக வேண்டும். வருகிற ஆளைக் கூட்டிப்போக என் வேனில் பாலமுனையில் இருந்து வந்த ஒரு குடும்பம் எயார்போர்ட்டில் காத்திருக்கிறது. அரை மணித்தியாலம் முந்திப் போய் வாசலுக்கு வெளியே நின்றால் நல்லது என்று எழும்பினேன். போன் அடித்தது, டிலக்சன்.

"அண்ண, உங்கட டோஹா ரெண்டு மணித்தியாலம் லேட். அஞ்சரைக்குத்தான் இறங்கும். படுங்க."

"நிச்சயமா?"

"நான் சொல்லுறன்தானே. சனத்துக்கும் சொல்லிட்டன். அஞ்சு மணிக்கு எழுப்புவன்."

பிளைட் பலகையை நானும் போனில் பார்க்கலாம். ஒரு நிமிட வேலை.

பார்க்கவில்லை. படுக்கப் போகிறேன்.